பானைக்கடியில் பத்துக் குச்சி

– இது ஏழாவது குச்சி, கொத்தனாரே.

– எட்டு, மொதலாளி. நடுவுல ஒண்ணு ஒடிஞ்சுச்சு. அதை நீங்க சேர்க்கலை.

– ஒடிஞ்சதைச் சேர்க்கக்கூடாது. அடுத்ததைக் குடும்.

– இந்தாங்க. மெதுவா உரசுங்க. தலை மாவாட்டம் உதிருது.

– ம்ஹூம். இது உசுரு இருக்கிற மாதிரியே காட்டிக்கிட மாட்டேங்குது. பெட்டியோட பக்கம் நமுத்துப் போயிருக்கும்.

– பெட்டி பானைக்கடியில இல்லை மொதலாளி. ரெண்டு நாளும் என் மடியிலதான் இருந்துச்சு. குச்சிய மட்டுந்தான் தரையில பரப்பி, மேல பானையக் கவுத்தினேன். விளிம்பைச் சுத்திக் களிமண்ணு பூசிக் காத்துப் புகாம அடைச்சேன். திங்கக்கிழமை பொழுதடைய வச்சது, இன்னைக்குப் புதன். பானைக்குள்ள கைய விட்டுப் பாருங்க, வேர்த்திருக்கு.

– அது பானையோட வேர்வை.

– காலிப் பானை. அது என்ன வேலை பாத்துச்சு, வேர்க்கிறதுக்கு.

– உமக்கு வாய் நீளம். கடைசிக் குச்சியக் குடும்.

– இந்தாங்க. பத்தாவது.

– போச்சு.

– அம்புட்டுத்தான் மொதலாளி. பத்துல ஒண்ணு கூடப் பத்தலை. தரை ஈரம். இதுக்கு மேல ரப்பர் ஒட்டக்கூடாது. இன்னும் ஒரு மாசம் இப்படியே தொறந்து கிடக்கட்டும்.

– ஒரு மாசமா? நான் சொல்றேன் கேளும். இது எந்த ஊரு?

– எம். புதுப்பட்டி.

– சிவகாசிக்குப் பக்கத்துல இருக்கிற எம். புதுப்பட்டி. இந்தச் சீமைக்கு இந்தத் தொழில் வந்ததே எதனால? மளை கிடையாது, ஈரம் கிடையாது, காலையில காயப்போட்டா மத்தியானம் எடுத்துறலாம். எங்கப்பா மல்லி யாவாரத்தை விட்டுட்டுத் தீப்பெட்டி போட்டதே இந்த வெயிலை நம்பித்தான். கம்மாயில மீனு பாத்து மூணு வருசமாச்சு. அந்த ஊருல நின்னுக்கிட்டு ஈரம்ங்கிறீரு.

– ஊரு காஞ்சுதான் கிடக்கு. தரை காயலை.

– தொட்டுப் பாரும். சுட்ட அப்பளமாட்டம் இருக்கு.

– மேலாக்க அப்படித்தான் இருக்கும். இது ரெண்டு அங்குலச் சிமிண்டுப் பூச்சு, கீள ஆறு அங்குல ஜல்லி. அங்குலத்துக்கு ஒரு மாசம் காய விடணும்னு மொத நாளே சொன்னேன். போட்டு முப்பத்திரண்டு நாளுதான் ஆகுது.

– அதுல பன்னெண்டு நாளு பாத்தி கட்டித் தண்ணிய நிறுத்தினது யாரு? குடிதண்ணிக்குப் பொம்பளைக ரெண்டு மைலு நடக்காக. நான் மாட்டு வண்டியில பீப்பாய் பீப்பாயாத் தண்ணி கொண்டாந்து தரைக்கு ஊத்தினேன். குடிச்ச வரைக்கும் குடிச்சிட்டு இப்ப விட மாட்டேங்குது.

– தண்ணி காட்டலேன்னா வெடிச்சிருக்கும்ல.

– வெடி செய்யத்தான கட்டுறோம்.

– சிரிங்க மொதலாளி, நல்லாச் சிரிங்க. ரூம்ல இன்னும் மருந்து எறங்கலை, நாம குச்சி உரசி வெளையாடலாம். மருந்து எறங்கின பெறகு இந்த வாசப்படிக்குள்ள ஒருத்தனும் தீப்பெட்டியோட வர முடியாது.

– அதுக்குத்தான ரப்பரே. தரையில மண்ணு உரசிப் பொறி கெளம்பிறக்கூடாதுன்னு ஆபீசரு எழுதிக் குடுத்திருக்காரு. மருந்து அடைக்கிற ரூம்ல முச்சூடும் ரப்பர். மெட்ராசுல இருந்து ரோலு வந்து எறங்கியாச்சு. ஆவணி மொத வெள்ளிக்கு நாள் குறிச்சுக் கார்டு அடிச்சாச்சு. திங்கக்கிழமை ஆபீசரு வந்து பாத்துட்டா லைசென்சு. அன்னைக்கு விட்டா, அவரு அடுத்தாப்புல இந்தப் பக்கம் வர்றது ஐப்பசியில. தீபாவளி முடிஞ்சு வெடிக்கு லைசென்சு வாங்கி நான் யாருக்கு விக்க?

– அடுத்த தீபாவளிக்கு.

– ரஷ்யாக்காரன் ஆகாசத்துக்கு ஆளை அனுப்பிட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டான். நீரு ஒரு தரையக் காய வைக்க மாட்டேங்கிறீரு.

– அவன் ஆகாசத்துல தரை போடலைல.

– கொத்தனாரே.

– பொறுங்க மொதலாளி, கோவப்படாதீக. ஈரத்து மேல ரப்பரை ஒட்டிட்டா அதுக்குப் போக வழியிருக்காது. பசை விட்டுரும். ஓரத்துலயும் இணைப்புலயும் கசியும். அங்கன அலுமினியத் தூளு சிந்தும். சிந்தாம அடைக்கிற பொம்பள எந்த ஊருலயும் கிடையாது. அலுமினியத் தூளு ஈரத்தைக் கண்டா என்ன ஆகும்னு எனக்குச் சொன்னதே நீங்கதான்.

– தானாச் சூடேறும்.

– பெறகு?

– பெறகென்ன. அதைச் சொல்லிக்கிட்டு.

– அந்த ரூம்ல மொத ஆளா உக்காரப் போறது எம் மக பஞ்சம்மா. கட்டையில தீக்குச்சி அடுக்குற கைவேகத்தைப் பாத்துட்டு நீங்கதான், தீப்பெட்டி ஆபீசு போதும் தாயி, வெடி ஆபீசுக்கு வான்னு கூப்பிட்டீக. சொல்றதுக்கு என்ன, எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி சோறு எறங்க மாட்டேங்குது.

– எனக்கு மட்டும் எறங்குதாக்கும். நான் என்ன, பொம்பளப் பிள்ளைக எக்கேடும் கெடட்டும்னா சொல்றேன்? தரை ஈரமா இருந்தா ஒட்ட மாட்டேன். அது ஈரமா இல்லையாங்கிறதுதான பேச்சு.

– அதுக்குத்தான் ஒரு ரப்பர்த் துண்டை வெட்டி ரெண்டு நாளு தரையில போட்டு, நாலு பக்கமும் மண்ணு வச்சு அமுக்கி, அடியில வேர்க்குதான்னு பாப்போம்னேன்.

– ரப்பரு தன்னாலயே வேர்க்கும். அதை நம்ப முடியாது.

– அதைத்தான் அன்னைக்கும் சொன்னீக. சொல்லிட்டு, எங்க குச்சிய வச்சுப் பாரும், ஈரத்தைக் கண்டுபிடிக்க ரெட்டைச் சங்குக் குச்சிய மிஞ்சி ஒரு மிசினு கிடையாது, அது பொய் சொல்லாதுன்னீக. உங்க வாயால சொன்னது.

– சொன்னேன்.

– அது பொய் சொல்லலை. பத்தும் ஒரே சொல்லாச் சொல்லிருச்சு.

– இரும். இரும் கொத்தனாரே. ஒரு விசயம் இப்பத்தான் தோணுது.

– சொல்லுங்க.

– குச்சி பத்தலேன்னா தரை ஈரம்னுதான் இருக்கணுமா என்ன?

– வேறென்ன மொதலாளி?

– குச்சியே சரியில்லாம இருந்தா?

– உங்க குச்சியா?

– எங்க குச்சிதான். உம்மகிட்ட எதுக்கு மறைக்க? இது வைகாசியில போட்ட சரக்கு. வஜ்ஜிரப் பசை மட்டமானது வந்துருச்சு, திருப்பி அனுப்ப நேரமில்லை. மருந்து கலக்குறவன் வேற கல்யாணத்துக்குப் போயிட்டான், அவன் மச்சினன் கலக்கினான். தலை பிடிக்கவே இல்லை. நான் சொல்றேன் கேளும், இந்தக் குச்சியத் தரையில இல்லை, அடுப்பு மேட்டுல வச்சாலும் பத்தாது. பொறந்ததுல இருந்தே பத்தாத குச்சி.

– எந்தக் குச்சி அண்ணாச்சி?

– யாரது? சங்கரபாண்டியனா? வாங்க தம்பி, வாங்க. சாத்தூர்ல இருந்து எப்ப வந்தீக?

– வந்து செத்த நேரமாச்சு அண்ணாச்சி. செருப்பைக் கழட்டிக்கிட்டு வாசல்ல நின்னேன். பொறந்ததுல இருந்தே பத்தாதுன்னு காதுல விழுந்துச்சு. நமக்கெதுக்கு, சும்மா கேட்டேன். மாசாமாசம் உங்ககிட்ட இருநூறு குரோசு ரெட்டைச் சங்கு எடுத்து எண்பது கடைக்குப் போடுறவன், அதனால கேட்டேன்.

– தரையச் சொன்னேன் தம்பி. பொறந்ததுல இருந்தே காயாத தரை. நம்ம கொத்தனாரு சங்கையா, இவரு போட்டது.

– வணக்கம்யா. குச்சின்னு கேட்ட மாதிரி இருந்துச்சு.

– குச்சியும் உண்டு. அதாவது, தரை காஞ்சிருக்கான்னு பாக்க நம்ம ரெட்டைச் சங்குக் குச்சியத் தரையில பரப்பி, பானையக் கவுத்து வச்சோம். ஒண்ணும் பத்தலை.

– குச்சி பத்தலையா?

– தரை ஈரம் தம்பி. குச்சி என்ன பண்ணும்? ரெண்டு அங்குலச் சிமிண்டு, கீள ஆறு அங்குல ஜல்லி. அங்குலத்துக்கு ஒரு மாசம் காயணும். மேல தொட்டா அப்பளமாட்டம் இருக்கும், நம்பிறக்கூடாது. பன்னெண்டு நாளு பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தின தரை. உள்ளுக்குள்ள அம்புட்டும் ஈரம். பானைக்குள்ள கைய விட்டுப் பாருங்க.

– ஆமா, வேர்த்திருக்கு.

– காலிப் பானைக்கு வேர்க்க வேண்டிய அவசியம் என்ன? நீங்களே சொல்லுங்க. கேளும் கொத்தனாரே, நான் சொல்றது சரிதான?

– ஒரு எழுத்துத் தப்பில்லை மொதலாளி. என்னை விட நல்லாச் சொல்றீக.

– அதுக்கில்லை அண்ணாச்சி. போன வெள்ளி இருக்கன்குடியில ஆடிக் கடைசி வெள்ளி. கோயில் கடைக்காரரு ஒருத்தரு நம்ம சரக்கைத்தான் வச்சிருந்தாரு. ஆத்தா சன்னதியில ஒரு கற்பூரம் பொருத்த ஒம்பது குச்சி ஆச்சுதாம். கும்பிட வந்த சனம் அவரை வைய, அவரு நேரா சாத்தூருக்கு வந்து என்னை வைதாரு. அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, தீபாவளி, கார்த்திகைக்கு ஆர்டர் குடுக்கலாம்னு வந்தேன்.

– கோயில்ல காத்தா இருந்திருக்கும்.

– இருந்திருக்கும், இருந்திருக்கும். அப்ப ஒண்ணு செய்வோமா? ஈரத்துல கிடந்த குச்சி பத்தலை, சரி. அண்ணாச்சி சட்டைப் பையில ரெட்டைச் சங்கு எட்டிப் பாக்குது. அது ஈரத்துல கிடக்கலைல. அதுல ஒண்ணு உரசிக் காமிங்களேன். நமக்கெதுக்கு, மனசு ஆறிரும்.

– இம்புட்டுத்தானா? இந்தாங்க, லேபிளைப் பாருங்க. ரெட்டைச் சங்கா?

– ரெட்டைச் சங்குதான்.

– பாத்தீகளா? ஒரே உரசு.

– நல்லா எரியுதே. இன்னொண்ணு?

– பாருங்க. கொத்தனாரே, நீரும் பாரும். இந்தா, மூணாவது. கண்ணை மூடிக்கிட்டு உரசுறேன். பத்திக்கிச்சா?

– பத்திக்கிச்சு அண்ணாச்சி. இருநூறு வேண்டாம், முந்நூறாவே அனுப்புங்க. கோயில்ல காத்துதான்.

– நான் சொல்லலை?

– அப்ப வெள்ளிக்கிழமை ரப்பர் ஒட்டுறதா கார்டு வந்துச்சே. வீட்டுல கூட்டிக்கிட்டு வரணும்னு இருந்தேன்.

– எப்படித் தம்பி ஒட்ட? குச்சி நல்ல குச்சி, உங்க கண்ணு முன்னால பாத்தாச்சு. அப்ப தரைதான் ஈரம். அதுல பொம்பளப் பிள்ளைகளக் கொண்டாந்து உக்கார வைக்க மனசு வருமா? தள்ளி வச்சாச்சு.

– எம்புட்டு நாளைக்கு மொதலாளி? தம்பிக்கும் தெரியட்டும்.

– ஒரு மாசம்.

– இன்னும் ஒரு தடவ சொல்லுங்க, சரியாக் காதுல விழலை.

– ஒரு மாசம்யா.

– பெரிய மனசு அண்ணாச்சி உங்களுக்கு. சாத்தூர் கடைவீதி முச்சூடும் சொல்லப் போறேன். சீசன் போனாலும் போகட்டும், ஆளுக உசுரு முக்கியம்னு தள்ளி வச்ச மொதலாளி எங்க தனுஷ்கோடி அண்ணாச்சிதான்னு. வரட்டுமா? வாரேன்யா கொத்தனாரே.

– மகராசனாப் போயிட்டு வாங்க.

– கொத்தனாரே. போயிட்டாரா?

– செருப்பை மாட்டுறாரு. வண்டியில ஏறிட்டாரு.

– நல்லாப் பாரும்.

– வளைவு திரும்பிருச்சு. புளுதிதான் தெரியுது.

– சரி. வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கெல்லாம் நாலு ஆளோட வந்துரும். ரப்பர் ஒட்டுறோம்.

– என்ன மொதலாளி இது? இப்பத்தான சொன்னீக, குச்சி நல்ல குச்சி, தரைதான் ஈரம்னு.

– அது சங்கரபாண்டியனுக்குச் சொன்னது.

– சொன்னது மட்டுமா? மூணு குச்சி உரசிக் காட்டினீக. மூணும் நின்னு எரிஞ்சுச்சே. நானும் பாத்தேன்.

– கிட்ட வாரும். இந்தப் பெட்டியப் பாரும். லேபிளு என்ன?

– ரெட்டைச் சங்கு.

– உள்ள இருக்கிற குச்சி?

– குச்சியில என்ன எழுதியா இருக்கு?

– ஏணி மார்க்கு. எதிர்த்த தெரு ஆவுடையப்பன் கம்பெனிக் குச்சி. பெட்டி நம்மது, குச்சி அவனது. ரெண்டு வருசமா இப்படித்தான் பையில வச்சிருக்கேன். நாலு பேரு முன்னால சுருட்டைப் பத்த வைக்கும்போது மொதலாளி குச்சி பத்தாம நின்னா கம்பெனி என்னாகும்?

– ஆத்தாடி.

– வெளியில மூச்சு விட்டுறாதீரு. வீட்டுல அடுப்புக்குக்கூட ஏணிதான் போகுது. எங்க வீட்டுக்காரி ஒத்தைக் கால்ல நின்னா.

– அப்ப ரெட்டைச் சங்கு?

– நூத்துக்கு அறுபது பத்தாது. காஞ்ச எடத்துல வச்சாலே பத்தாது. இப்பப் புரியுதா? பானைக்கடியில நீரு வச்சது எங்க குச்சி. அது பத்தாததுக்கும் தரைக்கும் சம்பந்தமே இல்லை. தரை பாவம், ஒரு குத்தமும் பண்ணலை. அது என்னைக்கோ காஞ்சிருச்சு.

– ஏன் மொதலாளி, இம்புட்டும் தெரிஞ்சிருந்துமா திங்கக்கிழமை உங்க குச்சிய வைக்கச் சொன்னீக?

– பழக்கதோசம். வாயத் தொறந்தா அதுதான் வருது. நீரும் கொத்து வேலை பாத்த சுவரை நல்லாயில்லைன்னு சொல்லுவீரா?

– சொல்ல மாட்டேன். அப்ப ஏணி மார்க்கு நல்ல குச்சிங்கிறீக.

– அவன் எனக்கு விரோதி. ஆனாலும் சொல்றேன், அந்தக் குச்சிய நம்பலாம்.

– இந்தத் தரையில, இதே பானைக்கடியில, ரெண்டு நாளு ஏணிக் குச்சி கிடந்திருந்தா?

– தரை காஞ்சிருக்கிற பட்சத்துல பத்தும் பத்தியிருக்கும்.

– பத்தலேன்னா?

– பத்தலேன்னா தரை ஈரம்தான், நானே ஒத்துக்குவேன். ஏணிக் குச்சி நமுக்கிற தரையில ரப்பரென்ன, கோரைப்பாய் கூட விரிக்க மாட்டேன்.

– லைசென்சு தள்ளிப் போனாலுமா?

– போனாலும்தான். நான் குறுக்க பேசுறவன் இல்லை.

– இருக்கன்குடி ஆத்தா சாட்சியாச் சொல்லுங்க மொதலாளி.

– ஆத்தா சாட்சியா. போதுமா? உம்ம மக உக்காரப் போற எடம்யா அது. நான் அதை மறந்துட்டேன்னு நினைக்காதீரு.

– நானும் மறக்கலை மொதலாளி. அதான் திங்கக்கிழமை நீங்க குடுத்த பெட்டியில இருந்த குச்சியக் கீள கொட்டிட்டு, கடையில ஏணி மார்க்கு வாங்கிட்டு வந்து பானைக்கடியில வச்சேன்.